கொட்டைக்குள் ஒரு வண்டு

மாம்பழத்தை எத்தனை நிமிடம் வெந்நீரில் வைக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்க வேளாண் துறையிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. தண்ணீரின் சூடு 46.1 டிகிரி செல்சியஸ். தட்டையான, நீள்வாக்கான பழம் 375 கிராமுக்குள் இருந்தால் 65 நிமிடம். அதற்கு மேல் 570 கிராம் வரை 75 நிமிடம். உருண்டைப் பழம் என்றால் 500 கிராம் வரை 75, 700 கிராம் வரை 90, அதையும் தாண்டினால் 110. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த மாதிரி இஃப்-எல்ஸ் வரிசைகளைப் பார்த்தால் ஒரு மரியாதை வந்துவிடும். யாரோ உட்கார்ந்து, பழத்தின் நடுவில் இருக்கும் ஈப் புழு எப்போது சாகும், ஆனால் பழம் வேகாமல் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மெக்ஸிகோவிலிருந்து அமெரிக்கா வரும் மாம்பழம் ஏறக்குறைய எல்லாமே இந்தக் குளியலை முடித்துவிட்டுத்தான் லாரி ஏறுகிறது.

இந்த அட்டவணையைத் தேடிப் படிக்க வைத்தவர் என் மாமா. போச்சம்பள்ளிப் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறார். நான் நியூஜெர்சிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே இந்தியக் கடைகளில் மே மாதம் இரண்டு வகைப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும். ஒன்று மெக்ஸிகோவின் அதௌல்ஃபோ, மஞ்சளாக, சின்னதாக. பெட்டி பத்துப் பன்னிரண்டு டாலர். இன்னொன்று இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்த அல்போன்சாவோ பங்கனப்பள்ளியோ. பத்துப் பன்னிரண்டு பழம் இருக்கும் பெட்டி நாற்பது டாலரைத் தாண்டும். இந்த இரண்டையும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் மாமாவிடமிருந்து போன்.

"ஏன் மாப்ள, நாப்பது டாலர்னா நம்ம காசுக்கு மூவாயிரத்துக்கு மேல வருதே?"

"ஆமா மாமா."

"நான் கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போட்டுட்டு வந்திருக்கேன். அந்த மெக்ஸிகோக்காரன் எப்படி பத்து டாலருக்குத் தர்றான்? அவனுக்கு மட்டும் என்ன சலுகை?"

சலுகை என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த விஷயத்தைப் பேசுகிற எல்லோரும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கிறார்கள். மெக்ஸிகோ பக்கத்து வீடு, தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது, அதனால் சுங்கம் இல்லை, நமக்கு இருக்கிறது, அவ்வளவுதான் என்று. ஒப்பந்தம் உண்மைதான். 1994இல் நாஃப்டா, 2020 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் வந்த புதிய ஒப்பந்தம். ஆனால் அமெரிக்காவின் வழக்கமான மாம்பழச் சுங்கம் கிலோவுக்கு ஏழு சென்டைக்கூடத் தொடாதது. ஒரு பெட்டிக்குக் கால் டாலர் வரும். பத்துக்கும் நாற்பதுக்கும் நடுவிலுள்ள முப்பது டாலரை அது விளக்காது.

முப்பது டாலரின் பெரும்பகுதியை விளக்குவது ஒரு வண்டு.

சின்ன வயதில் நம் எல்லோருக்கும் இந்த ஆச்சரியம் இருந்திருக்கும். மேலே ஒரு ஓட்டைகூட இல்லாத பழம். சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைப் பிளந்தால் உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு வண்டு எழுந்து நடக்கும். அதன் பெயர் மாங்கொட்டைக் கூன்வண்டு. பிஞ்சாக இருக்கும்போதே தோலில் முட்டை வைக்கிறது. புழு சதையைத் துளைத்துக்கொண்டு கொட்டைக்குள் போகிறது. பழம் வளர வளர அந்தத் துளை மூடிக்கொள்கிறது. இந்தியாவில் சாதாரணமாக இருக்கும் இந்தப் பூச்சி மெக்ஸிகோவில் இல்லை. மெக்ஸிகோவின் பிரச்சினை பழ ஈ. ஈயின் புழு சதையில் இருக்கும், 46.1 டிகிரியில் செத்துவிடும். கூன்வண்டுக்கோ கொட்டையே கோட்டை. அங்கே இருக்கும் வண்டைக் கொல்லும் அளவுக்கு வெந்நீரில் வைத்தால் கையில் இருப்பது மாம்பழம் அல்ல, பச்சடி.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் கடுப்பானார். "கொட்டைக்குள்ள வண்டு இருக்குன்னு அமெரிக்காக்காரன் ஆராய்ச்சி பண்ணித்தான் எனக்குச் சொல்லணுமா?" என்றார். பிறகு, "அந்த வெந்நித் தொட்டி போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை எல்லாமே முதலீட்டுக் கேள்விதான். தொட்டி நமக்கு உதவாது என்று புரியவைக்க இன்னொரு பத்து நிமிடம் ஆனது.

ஆகவே இந்தியப் பழத்துக்கு வேறு வழி: காமா கதிர்வீச்சு, குறைந்தது 400 கிரே. கதிர் கூன்வண்டை உடனே கொல்ல வேண்டும் என்றில்லை. இனப்பெருக்கம் செய்ய முடியாமல் ஆக்கினால் போதும். இந்த வழி திறந்ததே 2007இல்தான். அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள் வர முடியாது. 2006 மார்ச்சில் ஜார்ஜ் புஷ் டெல்லி வந்தபோது அணுசக்தி ஒப்பந்தத்தோடு சேர்த்து மாம்பழமும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இந்தியா ஹார்லி டேவிட்சன் மாதிரியான பெரிய பைக்குகள் உள்ளே வர வழிவிட்டது, அமெரிக்கா மாம்பழத்துக்கு வழிவிட்டது. முதலில் கதிர்வீச்சு கொடுத்த இடம் நாசிக் பக்கம் லாசல்கான்: நாட்டின் பெரிய வெங்காயச் சந்தை. வெங்காயம் முளைக்காமல் இருப்பதற்காக பாபா அணு ஆராய்ச்சி மையம் கட்டிய நிலையத்தில், கோபால்ட்-60 முன்னால் அல்போன்சா வரிசையில் நின்றது.

பொருளியல் பாடத்தில் 'வர்த்தக வீதம்' என்று ஒன்று வரும். நாம் விற்கும் பொருள் ஒன்றுக்கு, வாங்கும் பொருள் எவ்வளவு கிடைக்கிறது என்பது. பொதுவாக அது குறியீட்டு எண்களாக, வரைபடமாக இருக்கும். ஒரு பக்கம் மாம்பழம், மறுபக்கம் பைக் என்று இவ்வளவு பச்சையாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இதில் வேடிக்கை, ஹார்லி நிறுவனம் 2009இல் இந்தியாவுக்கு வந்து, 2020இல் சொந்தத் தயாரிப்பையும் விற்பனையையும் முடித்துக்கொண்டு, ஓர் உள்ளூர் நிறுவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டது. மாம்பழம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் எவ்வளவு? 2023 பருவத்தில் அமெரிக்காவுக்குப் போனது இரண்டாயிரம் டன்னைச் சற்றுத் தாண்டும். இந்தியா விளைவிப்பது ஆண்டுக்கு இரண்டு கோடி டன்னுக்கு மேல். பத்தாயிரம் பழத்தில் ஒரு பழம். அமெரிக்கா இறக்குமதி செய்யும் மாம்பழத்தில் பாதிக்கும் மேல் மெக்ஸிகோவுடையது.

நிபந்தனை என்பது விதியின் வாசகத்தில் மட்டும் இல்லை, அதை நிறைவேற்ற எங்கே போக வேண்டும் என்பதிலும் இருக்கிறது. மெக்ஸிகோவில் வெந்நீர்த் தொட்டி சிப்பமிடும் கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. சினலோவா, நயாரித், மிச்சோகான், சியாபாஸ் என்று தோப்பு இருக்கும் மாநிலங்களிலேயே கூடங்கள். தொட்டி, குளிர்பதனம், லாரி, டெக்ஸஸ் எல்லை. வேலை செய்யத் தேவை தண்ணீரும் எரிபொருளும் ஒரு நல்ல வெப்பமானியும். இந்தியாவில் கதிர்வீச்சு நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: லாசல்கான், நவி மும்பை வாஷி, பெங்களூரு பக்கம் மாலூர். தோப்பிலிருந்து அங்கே போய், அங்கிருந்து விமான நிலையம் போய், பிறகு பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வர வேண்டும். கப்பலில் போட்டால் அல்போன்சா அவ்வளவு நாள் தாங்குவது கஷ்டம். விமானத்தில் போட்டால் சரக்குக் கட்டணம் பழத்தைவிட அதிகம். நாற்பது டாலரில் பெரிய துண்டை எடுத்துக்கொள்வது வானம்தான், தோப்பு இல்லை.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. எனக்கு இதில் மிக அந்தரங்கமாகப் படுவது அதுதான்: அமெரிக்க ஆய்வாளர். பழம் அமெரிக்கா வந்த பிறகு பரிசோதிப்பதற்குப் பதிலாக, ஆய்வாளர் அங்கேயே போய் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். செலவு விற்கிறவனுடையது. மெக்ஸிகோவில் ஏற்றுமதியாளர் சங்கம் கொடுக்கிறது, இந்தியாவில் இந்தியத் தரப்பு கொடுக்கிறது. அதாவது நம்மைச் சோதிக்கிறவருக்குச் சம்பளமும் தங்குமிடமும் நாமே கொடுக்க வேண்டும். காலேஜில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வரும்போது லேப் மேஜையில் முந்திரியும் இளநீரும் வைத்தது ஞாபகம் வருகிறது.

அந்த மனிதர் வராவிட்டால் என்ன ஆகும் என்பது இரண்டு நாட்டுக்கும் தெரியும். 2020இல் கொரோனா. ஆய்வாளர்கள் பறக்க முடியவில்லை. மரத்தில் பழம் இருந்தது, கோபால்ட் இருந்தது, வாங்க ஆள் இருந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஆந்திரக் குடும்பங்கள் பங்கனப்பள்ளி இல்லாத இரண்டு கோடைகளைப் பற்றி இன்னும் பேசுகின்றன. 2024 ஜூனில் மெக்ஸிகோவின் முறை. மிச்சோகானில் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சாலை மறியலில் சிக்கித் தாக்கப்பட்டார்கள். உடனே அந்த மாநிலத்தில் அவகாடோ, மாம்பழ ஆய்வு நிறுத்தப்பட்டது. மறியல் செய்தவர்களுக்கும் மாம்பழத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த வாரம் பழம் பறிக்க நாள் குறித்திருந்த தொழிலாளிக்கும் சம்பந்தம் இல்லை.

2022 ஜனவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் மறுபடி உட்கார்ந்து பேசின. அந்த மேற்பார்வையைப் படிப்படியாக இந்திய அதிகாரிகளிடம் ஒப்படைப்பதாக முடிவு. பதிலுக்கு அமெரிக்காவுக்குக் கிடைத்தது செர்ரிப் பழத்துக்கும் குதிரைமசால் வைக்கோலுக்கும் இந்தியச் சந்தை. 2007இல் மாம்பழத்துக்கு பைக், 2022இல் வைக்கோல். வர்த்தக வீதம் முன்னேறியிருக்கிறதா சரிந்திருக்கிறதா என்று கணக்கிட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கையெழுத்தின் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. 2025 மே மாதம் நவி மும்பையில் கதிர்வீச்சு முடித்துப் பறந்த பதினைந்து சரக்குகள் லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டன. பூச்சி எதுவும் காரணமில்லை. சிகிச்சைச் சான்றான படிவம் சரியாக வழங்கப்படவில்லை என்பதுதான் காரணம். அழித்துவிடு, இல்லை திருப்பி எடுத்துப் போ. திருப்பி எடுத்துப் போகும் விமானச் செலவு பழத்தைவிட அதிகம், அழித்தார்கள். ஐந்து லட்சம் டாலர் அளவுக்கு நஷ்டம் என்று செய்திகள் வந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு அமெரிக்கா நம்மை வஞ்சிக்கிறது என்று ஒரு பதிவு எழுதுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டு இருக்கிறது. ஃப்ளோரிடாவிலும் மாமரம் இருக்கிறது. அதை உள்ளே விட அவர்கள் விரும்பாததில் நியாயம் இருக்கிறது. பிரச்சினை விதியில் இல்லை, விதியின் விலையை யார் சுமக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் விற்கிறவர்தான் சுமக்கிறார். ஆனால் மெக்ஸிகோ அந்த விலையை வேறொரு காசில் கட்டியது. அது என்ன காசு என்று புரிய எனக்கு ஒரு சினலோவாக்காரர் தேவைப்பட்டார்.

அவர் எங்கள் குழுவில் டேட்டாபேஸ் பார்ப்பவர். மதிய உணவில் சூப்பர்மார்க்கெட் மாம்பழத்தை வெட்டிக்கொண்டிருந்த என்னிடம், "இதை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்" என்றார். அது டாமி அட்கின்ஸ். சிவப்பாக, அழகாக, உள்ளே நாராக இருக்கும். வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்றேன். மணிலா என்றார், பிலிப்பைன்ஸிலிருந்து பழைய ஸ்பானியக் கப்பல்கள் காலத்தில் வந்த வகை. மெல்லிய தோல், நார் குறைவு. மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டு. "அப்போ இது?" என்று தட்டைக் காட்டினேன். "இது உங்களுக்கு" என்றார். அமெரிக்காவில் இருப்பதால் நானும் அந்த 'உங்களுக்கு'க்குள் வந்துவிட்டேன்.

டாமி அட்கின்ஸின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். 1889இல் அமெரிக்க அரசு இந்தியாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளை வரவழைத்து ஃப்ளோரிடாவில் நட்டது. 1895 உறைபனியில் தப்பித்த ஒரே மரத்தின் பெயர் மல்கோபா. ஆமாம், நம் மல்கோவாவின் பெயர்தான், அமெரிக்க எழுத்துக்கூட்டலில். (சேலத்து மல்கோவாவும் அதுவும் ஒன்றுதானா என்று தோட்டக்கலைக்காரர்கள் தனியாகச் சண்டை போடட்டும்.) அதன் விதையை ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் 1902இல் நட்டார், அடுத்த ஆண்டே இறந்துபோனார். மனைவி மரங்களைக் காப்பாற்றினார். 1910இல் காய்த்த பழத்துக்கு அவர் பெயர். ஹேடனின் விதையிலிருந்து வந்தது டாமி அட்கின்ஸ். 1950களில் ஃப்ளோரிடாவின் மாம்பழ அமைப்பிடம் கொண்டுபோனபோது ருசி சுமார், நார் அதிகம் என்று நிராகரித்தார்கள். விவசாயிகள் நட்டார்கள். ஏனென்றால் அது நன்றாகக் காய்க்கும், நிறம் வரும், அடிபடாது, பல நாள் அலமாரியில் கெடாமல் இருக்கும். வெந்நீரில் முக்கி, குளிரில் வைத்து, லாரியில் ஆயிரம் மைல் ஓட்டினால் பழமாகவே வந்து சேரும்.

மெக்ஸிகோ கட்டிய காசு இதுதான். நிபந்தனைக்கு ஏற்ற பழத்தை நட்டது. 1980களில் எத்திலீன் டைபுரோமைடு புகைமூட்டம் புற்றுநோய் அபாயம் என்று தடைசெய்யப்பட்டபோது அவர்கள் வெந்நீருக்கு மாறினார்கள். வெந்நீரைத் தாங்கும் வகைகள் தோப்பை நிறைத்தன. ருசியான அதௌல்ஃபோ தனக்கென்று ஓர் இடம் பிடிக்கப் பிறகு நாளானது.

இந்த இடத்தில் நண்பர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். நல்லவேளை, நாம் அப்படி மாறவில்லை. நம் பழத்தை நாமே சாப்பிடுகிறோம். அதனால்தான் இமாம் பசந்தும் மல்கோவாவும் செந்தூராவும் நீலமும் பிழைத்திருக்கின்றன. அமெரிக்கச் சந்தை கிடைக்காதது வரம் என்று. கேட்க இதமாக இருக்கும். எனக்கும் பிடித்த வாதம்தான், மாமாவின் தோப்பு ஞாபகம் வரும்வரை.

மாமாவின் நாலு ஏக்கரில் இருப்பது முழுக்க பெங்களூரா. கிளிமூக்கு என்பார்களே, அது. தாத்தா காலத்தில் அங்கே கலப்பாக மரங்கள் இருந்தன. கூழ் ஆலைகள் கிருஷ்ணகிரியைச் சுற்றி வந்த பிறகு எல்லாம் பெங்களூராவாயிற்று. காரணங்கள் டாமி அட்கின்ஸின் காரணங்களேதான். நன்றாகக் காய்க்கும், சதை அதிகம், அடிபடாது, ஆலை வாசலில் லாரியில் இரண்டு நாள் நின்றாலும் தாங்கும். தனியாகச் சாப்பிட யாரும் முதலில் எடுக்கும் பழம் அல்ல; உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் காயாகச் சாப்பிட்டால் அற்புதம். கூழாக்கி டப்பாவில் அடைத்துவிட்டால் வண்டுப் பிரச்சினை இல்லை, கதிர்வீச்சு வேண்டாம், ஆய்வாளர் வேண்டாம். அந்த வழியில் நம் மாம்பழம் உலகமெங்கும் போகிறது. இங்கே கடையில் மாங்கோ லஸ்ஸி டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் இந்தியா என்று இருக்கும். நாமும் நிபந்தனைக்கு ஏற்ற மரத்தை நட்டவர்கள்தான். மெக்ஸிகோக்காரர் நட்டது பழக் கடைக்கான மரம். நாம் நட்டது ஆலைக்கான மரம். பழக் கடைக்கு வாங்க பல பேர் வருவார்கள். ஆலைக்கு ஆலைதான் வரும்.

"மல்கோவாவா மாத்திடலாமா மாமா? மேல் ஒட்டு கட்டினா மூணு நாலு வருஷத்துல காய்க்குமில்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காய்க்கும். மூணு வருஷம் சோத்துக்கு உன் கம்பெனி தருமா?"

2025 ஜூனில் பெங்களூராவின் விலை விழுந்தது. ஆலைகளில் முந்தைய ஆண்டின் கூழே தேங்கிக் கிடந்தது. சித்தூரில் ஆந்திர அரசு கிலோ 12 ரூபாய் என்று நிர்ணயித்தது: ஆலை 8 ரூபாய் தர வேண்டும், மீதி 4 ரூபாயை அரசு தரும். அந்த 4 ரூபாய் தங்கள் விவசாயிக்கே போக வேண்டும் என்பதால் வெளிமாநிலப் பெங்களூரா சித்தூருக்குள் வரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. கர்நாடக முதல்வர் கடிதம் எழுதினார். எல்லைச் சாவடிகளில் லாரிகளை நிறுத்தி, பழம் எந்த ஊர் என்று கேட்டார்கள்.

மாமாவின் தோப்பிலிருந்து ஆந்திர எல்லை பைக்கில் போய்விடும் தூரம். ஒரே மரம், ஒரே மண், ஒரே கூன்வண்டு. வியாபாரி அந்தப் பக்கம் ஓர் ஆலைக்கு ஓட்டுவதாக இருந்த லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மூன்றாவது நாள் மாமா போன் செய்தார். கோபமாக இல்லை. பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் கிலோவுக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கைச் சொல்லி, பறிப்பதா மரத்திலேயே விடுவதா என்று கேட்டார். நான் லேப்டாப்பில் ஷீட் திறந்து எண்களைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, "விடு, பாதியப் பறிக்கச் சொல்லிட்டேன்" என்றார்.